அந்தக் கயிற்றை அவிழ்த்துவிடாதீர்கள்: நம் மகளிர் கால்பந்துக் கழக நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர் மற்றும் நிர்வாகக் குழு உறுப்பினர்களுக்கு,

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை இரவு பத்தே முக்கால் மணிக்கு அணியின் வாட்ஸ்அப் குழுவில் எட்டுப் பெயர்கள் கொண்ட ஒரு பட்டியல் வந்தது. வரும் சீசனுக்கு இவர்கள் மட்டுமே தொடர்வார்கள் என்றும், மற்றவர்கள் தங்களுக்குத் தரப்பட்ட ஜெர்சிகளையும் பயிற்சி உடைகளையும் அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்றும் அதன் கீழே இரண்டு வரிகள் இருந்தன. அடுத்த நிமிடமே அந்தக் குழுவில் நிர்வாகிகள் மட்டுமே எழுத முடியும் என்று மாற்றிவிட்டீர்கள். ஆறு ஆண்டுகள் அந்தப் பெண்களை வளர்த்த பயிற்சியாளர், தன் பணியும் முடிந்துவிட்டது என்பதை அதற்கு மறுநாள் மைதானத்தின் வாயிற்காவலர் சொல்லித்தான் அறிந்தார்.

நான் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். நீங்கள் விலக்கிய பதினான்கு பேரில் நால்வர் என் மாணவிகள். ஆறாம் வகுப்பில் வெறுங்காலோடு பந்தை உதைத்த நாளிலிருந்து அவர்களை அறிவேன். கழகம் தொடங்கிய முதல் ஆண்டில், பதிவுப் படிவங்களோடு பெற்றோர்களின் வீடு வீடாகப் போனவர்களில் நானும் ஒருத்தி. இந்த முடிவு குறித்து உங்களைச் சந்திக்க இரண்டு முறை நேரம் கேட்டேன், ஒரு முறை பதிவு அஞ்சலில் கடிதமும் அனுப்பினேன். பதில் வராததால்தான் இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். உங்களை அவமதிக்கும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் அமைதியாக இருந்தால் அந்தப் பதினான்கு பேருக்கும் நான் துரோகம் செய்தவளாவேன்.

நீங்கள் சொல்லும் காரணம் என் காதுக்கும் வந்திருக்கிறது. மாவட்ட லீக்கை நான்கு ஆண்டுகளில் மூன்று முறை வென்றாயிற்று, சென்ற ஆண்டு மாநிலப் போட்டியில் இறுதி ஆட்டம் வரை போயாயிற்று, இனி தேசிய அளவுக்குப் போக வேண்டும், அதற்குப் பெயர் பெற்ற ஆட்டக்காரர்களும் பெரிய அணிகளில் பணியாற்றிய பயிற்சியாளரும் தேவை, புதிதாக வந்திருக்கும் விளம்பரதாரரும் அதைத்தான் எதிர்பார்க்கிறார் என்கிறீர்கள். தேசிய அளவுக்குப் போக வேண்டும் என்பதில் எனக்கும் உங்களுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அந்த இலக்கை நோக்கிப் பாதி தூரம் நடந்து வந்துவிட்ட ஓர் அணியை ஒரே இரவில் கலைத்துவிட்டு, மூன்று மாத ஒப்பந்தத்தில் ஒன்பது பேரை வெளியிலிருந்து கொண்டுவந்து, பயிற்சியாளரையும் அதே வாரத்தில் மாற்றினால் மீதித் தூரத்தைக் கடந்துவிடலாம் என்று நீங்கள் நம்புவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

நீங்கள் கலைத்தது எது என்பதை மைதானத்தில் நின்று பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன். ஐந்து ஆண்டுகளுக்கு முன் நம் அணியின் பெரிய பலவீனம் தடுப்பு வரிசை. நான்கு பெண்களும் நன்றாக ஓடுவார்கள், ஆனால் ஒருத்தி முன்னே போனால் இன்னொருத்தி பின்னே நிற்பாள். அந்த இடைவெளியில் எதிரணி ஒரே ஒரு பாஸ் போட்டால் போதும், கோல்கீப்பர் தனியாக நிற்க வேண்டியதுதான். தடுப்பு வரிசை ஒன்றாக முன்னேறி, எதிரணி ஆட்டக்காரியைத் தன் பின்னால், விதி அனுமதிக்காத இடத்தில் சிக்கவைக்கும் ஆஃப்சைடு பொறி பற்றிப் பலகையில் வரைந்து காட்டியும் அவர்களுக்குப் பிடிபடவில்லை. அப்போது பயிற்சியாளர் கிணற்றடியில் கிடந்த பழைய தேங்காய் நார்க் கயிற்றை எடுத்து வந்து, நால்வரின் இடுப்பையும் ஏழெட்டு அடி இடைவெளி விட்டுக் கட்டினார். பந்து இடப்பக்கம் போனால் நால்வரும் இடப்பக்கம் நகர வேண்டும், ஸ்டாப்பர், அதாவது நடுத் தடுப்பாட்டக்காரி, முன்னேறினால் நால்வரும் முன்னேற வேண்டும். ஒருத்தி தாமதித்தாலும் கயிறு மற்றவளின் இடுப்பை இழுக்கும். முதல் வாரம் விழுந்து விழுந்து முழங்கால் சிராய்த்துக்கொண்டார்கள், இடுப்பில் கயிற்றுத் தடம் விழுந்தது, வீட்டில் கேட்டபோது ஒருத்தி பாவாடை நாடா இறுக்கிவிட்டது என்று சமாளித்தாளாம். பிறகு கயிற்றின் நீளத்தைக் கூட்டினார், பிறகு அதைத் தளர்வாகத் தரையில் தொங்கவிட்டார். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு நாள் கயிறே இல்லாமல் அவர்கள் நகர்ந்ததைப் பார்த்தேன். அன்றைக்கும் கயிறு இருப்பது போலவே நால்வரும் ஒன்றாக முன்னேறினார்கள், எதிரணியின் முன்கள வீராங்கனை மூன்று முறை ஆஃப்சைடில் சிக்கினாள்.

கோல்கீப்பரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவளுக்குக் குரல் எழும்பாது. சின்ன வயதில் தொண்டையில் வந்த ஒரு நோயின் மிச்சம் அது. கோல்கீப்பர் சத்தம் போட்டுத் தன் தடுப்பு வரிசையை வழிநடத்த வேண்டும் என்பது ஆட்டத்தின் அரிச்சுவடி. குரல் இல்லாதவளை வேறு எந்த அணியும் எடுத்திருக்காது. நம் பயிற்சியாளர் அவளுக்குக் கைத்தட்டலைக் கற்றுக்கொடுத்தார். கையுறை அணிந்த கைகளால் அவள் ஒரு முறை தட்டினால் "பந்தை நீ அடித்து வெளியேற்று" என்று பொருள், இரண்டு முறை தட்டினால் "விலகிவிடு, நான் வருகிறேன்" என்று பொருள். ஸ்டாப்பர் திரும்பிப் பார்க்கவே மாட்டாள், கேட்டுக்கொண்டே ஆடுவாள். மாநிலப் போட்டியின் அரையிறுதியில், பார்வையாளர்களின் இரைச்சலுக்கு நடுவே, கடைசி ஐந்து நிமிடங்களில் வந்த இரண்டு கார்னர்களை அந்த இரண்டு தட்டல்கள்தான் காப்பாற்றின. நீங்களும் அன்று அரங்கில் அமர்ந்து கை தட்டினீர்கள்.

இப்போது கோல்கீப்பரைத் தக்கவைத்துக்கொண்டு, அவளுக்கு முன்னால் நின்ற நால்வரையும் விலக்கிவிட்டீர்கள். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளுக்கு முன் புதிய அணி ஆடிய நட்பு ஆட்டத்தைப் பார்க்க நான் போயிருந்தேன். நான்கு கோல் வாங்கினோம். மூன்றாவது கோலில் கோல்கீப்பர் இரண்டு முறை தட்டிவிட்டு முன்னே வந்தாள். புதிய ஸ்டாப்பருக்கு அது என்னவென்றே தெரியாது, அவளும் பந்துக்கு எழும்பினாள், இருவரும் மோதி விழுந்தார்கள், பந்து வெறும் வலைக்குள் உருண்டது. அந்தப் புதிய பெண் திறமையானவள்தான், அவள் மேல் ஒரு குறையும் இல்லை. அவளுக்கு அதை யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர் அன்று மைதானத்திலேயே இல்லை. ஒரே ஒரு நட்பு ஆட்டத்தை வைத்து ஓர் அணியை எடைபோடக் கூடாது என்பதை நானும் ஏற்கிறேன். அவர்களுக்கும் காலம் கொடுத்தால் பழகிக்கொள்வார்கள். ஆனால் பழகிக்கொள்ள இரண்டு ஆண்டுகள் ஆகும் ஒரு விஷயத்துக்கு நீங்கள் போட்டிருக்கும் ஒப்பந்தம் மூன்று மாதம்.

இது நம் சின்ன ஊரின் புலம்பல் என்று தள்ளிவிடாதீர்கள், பணத்துக்குக் குறைவே இல்லாத அணிகளிலும் இதுதான் நடந்திருக்கிறது. மான்செஸ்டர் யுனைடெட் 2012-13 சீசனில் 89 புள்ளிகள் எடுத்து, இரண்டாம் இடத்துக்கு வந்த அணியை விட 11 புள்ளிகள் கூடுதலாகப் பெற்று இங்கிலாந்தின் சாம்பியன் ஆனது. அந்தக் கோடையில் இருபத்தாறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பொறுப்பில் இருந்த அலெக்ஸ் ஃபெர்குசன் ஓய்வு பெற்றார். அவரோடு தலைமை நிர்வாகி டேவிட் கில்லும் விலகினார். புதிதாக வந்த டேவிட் மோயஸ், அந்த வீரர்களை நன்கு அறிந்த மைக் ஃபீலன், ரெனே மொலன்ஸ்டீன், எரிக் ஸ்டீல் ஆகிய உதவிப் பயிற்சியாளர்களை வைத்துக்கொள்ளாமல் தன் ஆட்களைக் கொண்டுவந்தார். ஏறக்குறைய அதே ஆட்டக்காரர்கள்தான், ஆனாலும் அடுத்த சீசனில் அந்த அணி 64 புள்ளிகளோடு ஏழாம் இடத்துக்கு இறங்கியது, மோயஸ் 2014 ஏப்ரலில் நீக்கப்பட்டார். ஆட்டக்காரர்களுக்கும் நிர்வாகத்துக்கும் நடுவே இருந்த நினைவை முழுவதுமாக அகற்றியதன் விலை என்று நான் அதைப் பார்க்கிறேன்.

பயிற்சியாளரை மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. லிவர்பூலில் 2024-ல் யூர்கன் கிளாப் விலகியபோது, அவர் இடத்துக்கு வந்த ஆர்னே ஸ்லாட் அணியைக் கலைக்கவில்லை. அந்தக் கோடையில் வாங்கப்பட்டு அந்த சீசனில் ஆடிய வெளி ஆட்டக்காரர் ஃபெடரிகோ கியேசா ஒருவர்தான். இருந்தவர்களின் பழக்கங்களைத் தெரிந்துகொண்டு, அவற்றின் மேல் சிறு சிறு மாற்றங்களைச் செய்து, 2024-25 சாம்பியன் பட்டத்தை நான்கு ஆட்டங்கள் மீதமிருக்கும்போதே வென்றார். ஒன்றை மாற்றும்போது மற்றொன்றை அசையாமல் பிடித்துக்கொள்ளலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

நம் மாநிலத்துக்கே வருகிறேன். சென்னையின் எஃப்.சி. 2018 மார்ச்சில் பெங்களூரு மண்ணிலேயே பெங்களூரு அணியை 3-2 என்று வென்று இரண்டாம் முறை ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) கோப்பையை எடுத்தது. அடுத்த சீசனிலும் ஜான் கிரெகரிதான் பயிற்சியாளர். ஆனால் அணித்தலைவராக இருந்த ஹென்ரிக் செரெனோ, ரெனே மிஹெலிச் போன்றோர் போய்விட்டார்கள். சாம்பியன் அணி 18 ஆட்டங்களில் 9 புள்ளிகள் மட்டுமே எடுத்துக் கடைசி இடத்தில் முடித்தது. சரிவுக்கு வேறு காரணங்களும் இருந்திருக்கும். தூண்களை எடுத்தால் பயிற்சியாளர் ஒருவரால் மட்டும் கூரையைத் தாங்க முடியாது என்பதையாவது அது காட்டுகிறது. 2019-20 சீசனின் நடுவில் கிரெகரி போய் ஓவன் கோய்ல் வந்தார். அவர் யாரையும் விரட்டவில்லை. கையில் கிடைத்த அதே வீரர்களை வைத்துக்கொண்டு, புள்ளிப் பட்டியலின் அடிப்பகுதியில் கிடந்த அணியை இறுதிப் போட்டி வரை கொண்டுபோனார். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். 2020-ல் கோய்லும், அந்த சீசனில் 15 கோல் அடித்த நெரியஸ் வால்ஸ்கிஸும் ஒரே நேரத்தில் ஜாம்ஷெட்பூருக்குப் போனார்கள். சென்னையில் அடுத்த மூன்று சீசன்களுக்கு சபா லாஸ்லோ, போஸிதார் பாண்டோவிச், தாமஸ் பிர்டாரிச் என்று மூன்று பயிற்சியாளர்கள் வந்தார்கள், மூன்று சீசனிலும் அணி எட்டாம் இடத்தில்தான் முடித்தது. ஜாம்ஷெட்பூரோ கோய்லின் கீழ் 2021-22-ல் லீக் சுற்றில் முதலிடம் பிடித்த அணிக்கான ஷீல்டை வென்றது. கடைசியில் 2023-ல் கோய்லையே திரும்ப அழைத்தார்கள், அந்த சீசனில் அணி மீண்டும் பிளே-ஆஃப் சுற்றுக்குள் நுழைந்தது.

கோயம்புத்தூரில் சென்னை சிட்டி எஃப்.சி. ஆடியதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். 2019 மார்ச் 9 அன்று நேரு ஸ்டேடியத்தில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று, ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளியில் முந்தி, ஐ-லீக் சாம்பியன் ஆன அணி அது. அக்பர் நவாஸ் என்ற சிங்கப்பூர்ப் பயிற்சியாளர், 21 கோல் அடித்த பெட்ரோ மான்ஸி, அவருக்குப் பந்து கொடுத்த நெஸ்டர் கோர்டியோ, அவர்களோடு பெயர் தெரியாத நம் பையன்கள். நெஸ்டர் அந்தக் கோடையிலேயே இல்லை, மான்ஸி அடுத்த சீசனின் நடுவில் ஜப்பானுக்குப் போய்விட்டார், பிறகு பயிற்சியாளரும் மாறினார். 2021-22 ஐ-லீக்கில் அந்த அணியே இல்லை. அதன் முடிவுக்குப் பல காரணங்கள் உண்டு, அவை எல்லாவற்றையும் ஆட்டக்காரர் மாற்றத்தின் தலையில் கட்ட மாட்டேன். ஆனால் அந்த மார்ச் மாத மாலையில் என் பக்கத்தில் அமர்ந்து அழுத கல்லூரிப் பையன்களுக்கு, மூன்றே ஆண்டுகளில் போய்ப் பார்க்க ஓர் அணி இல்லை என்பது மட்டும் எனக்கு இன்றும் வலிக்கிறது.

பெண்கள் கால்பந்தில் இழப்பு இன்னும் வேகமாக நடக்கிறது, ஏனென்றால் இங்கே ஆட்டக்காரர்களும் குறைவு, ஒப்பந்தங்களும் குறுகியவை. மதுரையின் சேது எஃப்.சி. 2019-ல் லூதியானாவில் மணிப்பூர் போலீஸ் அணியை வென்று இந்திய மகளிர் லீக்கைக் கைப்பற்றியது. அந்த அணிக்காகக் கோல்களைக் குவித்த நேபாள வீராங்கனை சபித்ரா பண்டாரி அடுத்த சீசனில் கோகுலம் கேரளா அணியில் இருந்தார். அதே கோகுலம் அரையிறுதியில் சேதுவை 3-0 என்று வென்றது, இறுதிப் போட்டியின் கடைசி நிமிடங்களில் வெற்றி கோலை அடித்தவரும் சபித்ராதான். கோகுலத்துக்கும் இது பின்னாளில் நேர்ந்தது. 2021-22, 2022-23 என்று அடுத்தடுத்து இரண்டு பட்டங்களை வாங்கித் தந்த பயிற்சியாளர் அந்தோணி ஆண்ட்ரூஸ் ஈஸ்ட் பெங்காலுக்குப் போனார், நம் சந்தியா ரங்கநாதன் உட்பட அவரோடு பழகிய சிலரும் அங்கே சேர்ந்தார்கள், 2024-25 மகளிர் லீக் பட்டம் ஈஸ்ட் பெங்காலுக்குப் போனது. பயிற்சியாளர் போகும்போது அவர் சேர்த்து வைத்த அறிவும் அவரோடு போகிறது. நம் பயிற்சியாளருக்கு ஏற்கெனவே இரண்டு கழகங்களிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது என்பதையும், விலக்கப்பட்டவர்களில் ஆறு பேர் அவரோடு போகத் தயாராக இருக்கிறார்கள் என்பதையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும்.

மாறாக, சேர்ந்தே வளர்ந்தவர்கள் என்ன செய்வார்கள் என்பதற்கு நம் மாநில அணியே இருக்கிறது. 2018-ல் கட்டாக்கில் மணிப்பூரை 2-1 என்று வென்று தேசிய சீனியர் மகளிர் பட்டத்தைத் தமிழ்நாடு முதல்முறையாக எடுத்தபோது கடலூரின் இந்துமதி கதிரேசன் அந்த அணியில் இருந்தார். ஐந்து ஆண்டுகள் கழித்து 2023-ல் அமிர்தசரஸில் ஹரியானாவை அதே 2-1 என்று வென்றபோதும் அவர் இருந்தார். ஒருவர் நடுக்களத்தில் நின்றுகொண்டே இருந்ததால், அவரைச் சுற்றிப் புதியவர்கள் பழக முடிந்தது.

வெளி மாநிலத்தவர் வேண்டாம் என்பது என் கோரிக்கை என்று யாரும் திரித்துவிட வேண்டாம். மூன்று ஆண்டுகளுக்கு முன் மணிப்பூரிலிருந்து நம் அணிக்கு வந்த ஒரு நடுக்கள வீராங்கனை, எங்கள் லெஃப்ட் பேக்கின் வீட்டில் ஏழு மாதம் தங்கினாள். அந்த வீட்டம்மா அவளுக்கு ரசம் சோறு பழக்கினார், அவள் எங்கள் பெண்களுக்கு இடக்காலால் பந்தை நிறுத்திக் கொடுப்பதைப் பழக்கினாள். அவள் வந்த ஆண்டில் வேறு யாரையும் விலக்கவில்லை, அதனால் அவளுக்குக் கற்றுக்கொடுக்க பத்துப் பேர் இருந்தார்கள். இன்று ஒரே நேரத்தில் ஒன்பது பேர் வந்திருக்கிறார்கள். யார் யாருக்குக் கற்றுக்கொடுப்பது?

பயிற்சியாளரிடம் ஒரு நீள நோட்டு உண்டு, நீங்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை. ஒவ்வொரு பெண்ணுக்கும் இரண்டு பக்கம். எந்த ஊரிலிருந்து எத்தனை மணிப் பேருந்தில் வருகிறாள், காலையில் சாப்பிட்டு வருகிறாளா, மாதவிடாய் நாட்கள், எந்த முழங்காலில் பழைய வலி, ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் எவ்வளவு, அப்பா குடிக்கிறாரா, வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்களா என்பது வரை அதில் இருக்கும். இது வேண்டாத துருவல் என்று தோன்றலாம். தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருக்கிறது. முழங்காலின் ஏ.சி.எல். தசைநார் கிழிவது ஆண் ஆட்டக்காரர்களை விடப் பெண்களிடம் அதிகம் என்பது விளையாட்டு மருத்துவம் அறிந்த உண்மை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் வலப்புற விங்கர் ஆட்டத்தின் அறுபதாவது நிமிடத்துக்கு மேல் மூச்சு வாங்கி நின்றுவிடுவாள். சோம்பேறி என்று பலரும் சொன்னார்கள். பயிற்சியாளர்தான் அவளை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார், ஹீமோகுளோபின் எட்டுக்கும் கீழே இருந்தது. நான்கு மாதம் இரும்புச்சத்து மாத்திரையும், கழகம் தந்த பயணப்படியிலிருந்து முட்டையும் பேரீச்சம்பழமும் கொடுத்துத் தேற்றினார். அந்தப் பெண்தான் மாநிலப் போட்டியில் தொண்ணூறு நிமிடமும் ஓடினாள். அவளும் இப்போது உங்கள் பட்டியலில் இல்லை. புதிய பயிற்சியாளருக்கு அந்த நோட்டை யாராவது கேட்டு வாங்கிக் கொடுத்தீர்களா என்று விசாரித்தேன். அப்படி ஒன்று இருப்பதே அலுவலகத்தில் யாருக்கும் தெரியவில்லை.

இன்னொன்றையும் நீங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். நம் ஊரில் ஒரு பெண்ணை அரைக்கால் சட்டையோடு மைதானத்துக்கு அனுப்பப் பெற்றோர் ஒப்புக்கொள்வது கழகத்தின் பெயருக்காக அல்ல, ஒரு குறிப்பிட்ட மனிதரின் வார்த்தைக்காக. "நான் பார்த்துக்கொள்கிறேன், வீடு வரை கொண்டுவந்து விடுகிறேன்" என்று அந்தப் பயிற்சியாளர் சொன்னார், ஆறு ஆண்டுகளும் அதைக் காப்பாற்றினார். விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடமோ அரசு வேலையோ கிடைக்கும் என்ற நம்பிக்கையும் சேர்ந்துதான் திருமணப் பேச்சுகளை ஒன்றிரண்டு ஆண்டுகள் தள்ளிப்போட வைத்தது. பட்டியல் வந்த மறுவாரம் என் மாணவி ஒருத்தியின் தாய் பள்ளிக்கு வந்து, "டீச்சர், வேண்டாம்னு அவங்களே சொல்லிட்டாங்க, இனி நான் என்ன சொல்லி அவ அப்பாவ நிறுத்துறது?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இந்த ஆண்டு ஆறாம் வகுப்பிலிருந்து கால்பந்துக்குப் பெயர் கொடுத்த பதினொரு சிறுமிகளில் நான்கு பேரின் வீட்டில் ஏற்கெனவே மறுத்துவிட்டார்கள். ஐந்தாறு ஆண்டுகள் கழித்து நம் கழகத்துக்கு ஆட வேண்டியவர்கள் அவர்கள்தான்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பவை இவை. விலக்கப்பட்ட பதினான்கு பேரையும் நேரில் அழைத்து, ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக, எந்த அடிப்படையில் விலக்கப்பட்டார் என்பதைச் சொல்லுங்கள். அப்படிச் சொல்ல ஒரு காரணம் இல்லையென்றால் அவரைத் திரும்பச் சேருங்கள். குறைந்தது தடுப்பு வரிசையின் நால்வரையும் இந்த ஒரு சீசனுக்காவது தக்கவைத்து, வந்திருக்கும் ஒன்பது பேர் அவர்களோடு சேர்ந்து பழக வழி செய்யுங்கள். புதிய பயிற்சியாளரை நீக்கச் சொல்லவில்லை, அவரோடு இணைந்து பணியாற்றப் பழைய பயிற்சியாளரை மதிப்போடு அழையுங்கள். அவர் மறுத்தால், ஆறு ஆண்டுப் பணிக்கு எழுத்தில் நன்றி தெரிவித்து, அவருக்குத் தர வேண்டிய மூன்று மாத நிலுவைச் சம்பளத்தைக் கொடுத்து, பிறகு அந்த நோட்டைப் பகிர முடியுமா என்று கேளுங்கள். அதில் உள்ள உடல்நலக் குறிப்புகள் அந்தந்தப் பெண்ணின் சம்மதத்தோடு மட்டுமே கைமாற வேண்டும். இனிமேல் ஒரே சீசனில் தலைமைப் பயிற்சியாளரையும் அணியில் பாதிக்கு மேற்பட்டோரையும் சேர்த்து மாற்றுவதில்லை என்று பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் நிறைவேற்றுங்கள். ஆட்டக்காரர்கள் சார்பில் இருவரும் பெற்றோர் சார்பில் ஒருவரும் அணித்தேர்வு பற்றிப் பேசும் கூட்டங்களில் உட்கார இடம் கொடுங்கள்.

இவற்றில் எதையும் ஏற்க உங்களுக்கு மனமில்லையென்றால், கடைசியாக ஒன்றை மட்டும் உடனே செய்யுங்கள். விலக்கப்பட்ட பதினான்கு பேருக்கும் இந்த மாத இறுதிக்குள் என்.ஓ.சி. எனப்படும் ஆட்சேபணையின்மைச் சான்றைக் கொடுத்து, அவர்கள் வேறு கழகத்துக்கு மாறுவதற்கான ஒப்புதலையும் பதிவு முறையில் அளித்துவிடுங்கள். இதுவரை மூன்று பேர் கேட்டும் அலுவலகம் கொடுக்கவில்லை. பதிவுக் காலம் முடிந்துவிட்டால் அவர்கள் இந்த ஆண்டு முழுவதும் எந்த அணிக்கும் ஆட முடியாது. அவர்களில் இருவருக்கு வயது பத்தொன்பது. இந்த ஆண்டுச் சான்றிதழை நம்பித்தான் கல்லூரி விண்ணப்பத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அந்த என்.ஓ.சி. கடிதங்களை வாங்கிக்கொள்ள வரும் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நான் என் நான்கு மாணவிகளோடும் அவர்களின் பெற்றோர்களோடும் கழக அலுவலகத்துக்கு வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அணிக்கு ஆட்டக்காரர்களை அனுப்பிய ஓர் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியை